சிலந்தி வலைக்கு பாக்டீரியாவைத் தடுக்கும் சக்தி உண்டா? ஆய்வக சோதனையில் குழப்பம் செய்த அசிட்டோன்!

வீட்டு மூலையில் மாதக்கணக்கில் தொங்கும் ஒட்டடையை கவனித்திருப்பீர்கள். தூசி படியும், கறுத்துப் போகும். ஆனால் லேசில் அழுகாது. இத்தனைக்கும் சிலந்தி நூல் பெரும்பாலும் புரதம்தான். புரதம் என்றால் பாக்டீரியாவுக்கு விருந்து. பாலை வெளியே வைத்தால் ஒரே நாளில் கெட்டுப்போகிறது. வலை மட்டும் எப்படி தப்பிக்கிறது?

இந்தக் கேள்விக்கு பல காலமாக சொல்லப்பட்ட பதில், 'வலையிலேயே இயற்கையான ஆன்டிபயாடிக் இருக்கிறது' என்பது. அது உண்மையா?

எங்கிருந்து வந்தது இந்த நம்பிக்கை?

வெட்டுக்காயத்தில் சிலந்தி வலையை வைத்து ரத்தத்தை நிறுத்துவது பழைய கிரேக்க, ரோமானிய வழக்கம். முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி இதைக் குறித்து வைத்திருக்கிறார். ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் 'காப்வெப்', அதாவது ஒட்டடை என்ற பெயரிலேயே ஒரு தேவதை வருகிறது. விரலை அறுத்துக்கொண்டால் உன்னிடம்தான் வருவேன் என்று ஒரு பாத்திரம் அதனிடம் ஜோக் அடிக்கும். அந்தக் காலத்து ரசிகர்களுக்கு இது விளக்கம் தேவைப்படாத ஜோக்.

ரத்தம் நிற்பது ஒரு விஷயம். மெல்லிய நூல்கள் பந்தாகச் சேர்ந்து அடைத்துக்கொள்வதால் அது நடக்கலாம். கிருமி சாவது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் வழக்கம்.

எப்படி சோதிப்பார்கள்?

கண்ணாடித் தட்டில் அகார் என்ற ஜெல்லியை ஊற்றி, அதன் மேல் பாக்டீரியாவை சீராகப் பரப்புவார்கள். சோதிக்க வேண்டிய பொருளை நடுவில் வைத்து, உடல் சூட்டுக்கு நெருக்கமான வெப்பத்தில் ஓர் இரவு விட்டுவிடுவார்கள். மறுநாள் தட்டு முழுக்க பாக்டீரியா வெண்மையாகப் படர்ந்திருக்கும். பொருளுக்கு சக்தி இருந்தால் அதைச் சுற்றி மட்டும் ஒரு தெளிவான வட்டம் தெரியும். கேட்க எளிது. ஆனால் அந்த வட்டத்தை உண்டாக்கியது எது என்று நிரூபிப்பதில்தான் சிக்கலே.

2012-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண வீட்டுச் சிலந்தியின் நூலை சோதித்தார்கள். 'கிராம் பாசிட்டிவ்' வகை பாக்டீரியா ஒன்றின் வளர்ச்சி தடைபட்டது. 'கிராம் நெகட்டிவ்' வகை கண்டுகொள்ளவே இல்லை. புரதத்தைச் சிதைக்கும் ஒரு நொதியை நூலில் சேர்த்ததும் அந்தத் தடுப்பு சக்தி போய்விட்டது. அப்போ நூலில் இருக்கும் ஏதோ ஒரு புரதம்தான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அதுவும் பாக்டீரியாவைக் கொல்வதாகத் தெரியவில்லை, வளரவிடாமல் தாமதப்படுத்துவது போலத்தான் இருந்தது. ஆய்வாளர்கள் இவ்வளவு ஜாக்கிரதையாகச் சொன்ன விஷயம், சோஷியல் மீடியாவுக்கு வரும்போது 'இயற்கை ஆன்டிபயாடிக்' ஆகிவிடுகிறது.

வட்டத்தை உண்டாக்கியது யார்?

2021-ல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகக் குழு, அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் தோண்டிப் பார்த்தது. கூடவே ஏழு சிலந்தி இனங்களின் நூலை எடுத்து புதிதாகவும் சோதித்தது. எந்த நூலிலும் பாக்டீரியாவைத் தடுக்கும் சக்தி தென்படவில்லை.

அப்படியானால் பழைய ஆய்வுகளில் தெரிந்த வட்டங்கள்? நூலில் உள்ள பொருட்களைப் பிரித்தெடுக்க சில ஆய்வுகளில் அசிட்டோன், எத்தில் அசிடேட் போன்ற கரைப்பான்களைப் பயன்படுத்தியிருந்தார்கள். அசிட்டோன் என்பது நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அதே திரவம். அதுவே பாக்டீரியாவுக்கு எமன். அது முழுசாக ஆவியாகாமல் கொஞ்சம் தங்கிவிட்டாலும் தட்டில் வட்டம் விழும். பெயர் மட்டும் சிலந்திக்குப் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். பக்கத்துத் தட்டில் சிலந்தி நூலே இல்லாமல் வெறும் அசிட்டோனை மட்டும் வைத்துப் பார்த்தால் போதும். 'கட்டுப்பாட்டுச் சோதனை' என்று பள்ளிப் பாடத்திலேயே வரும் விஷயம்தான். அதைத்தான் பலர் சரியாகச் செய்யவில்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. மரத்திலிருந்தோ சுவரிலிருந்தோ எடுத்த வலையில் ஏற்கெனவே வேறு பாக்டீரியாக்கள் குடியிருக்கும். அவற்றில் சில தங்கள் போட்டியாளர்களை ஒழிக்க தாங்களே ரசாயனம் சுரக்கும். சுத்தமான நூலை எடுக்காவிட்டால், இந்த ரசாயனத்தின் வேலையும் நூலின் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். உலகில் இதுவரை பதிவான சிலந்தி இனங்கள் 50,000-க்கும் மேல். ஏழு இனத்தில் இல்லை என்றால் எதிலுமே இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் 'இருக்கிறது' என்று சொல்பவர்தான் இனி அசிட்டோன் கேள்விக்கு பதில் சொல்லியாக வேண்டும்.

பிறகு ஏன் அழுகவில்லை?

தைவானின் துங்ஹாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் 2019-ல் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். பாக்டீரியா வளர நைட்ரஜன் அவசியம். சிலந்தி நூலில் நைட்ரஜன் இருக்கிறது, ஆனால் எடுக்க முடியாதபடி உள்ளே பூட்டிக் கிடக்கிறது. வெளியிலிருந்து நைட்ரஜனைச் சேர்த்துக் கொடுத்ததும் நூலின் மேலேயே பாக்டீரியா வளர ஆரம்பித்தது. அதாவது வலை விஷம் வைக்கவில்லை, பட்டினி போடுகிறது.

காயத்தில் வைக்கலாமா?

வேண்டாம். வலை தூசியைப் பிடித்து வைக்கும். டெட்டனஸ் உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் மண்ணிலும் தூசியிலும் இருப்பவை. திறந்த காயத்தில் ஒட்டடையை அழுத்துவது, அந்த வித்துகளை உள்ளே அனுப்ப வழி செய்து கொடுப்பது போல. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்தி, காயத்தை ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். ஆழமான அல்லது அழுக்கான காயம் என்றால் டெட்டனஸ் ஊசி பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

புது ஆன்டிபயாடிக் தேடும் அவசரம் உண்மையானது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தொற்றால் நேரடியாக 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக 'லான்செட்' இதழ் ஆய்வு கணக்கிட்டது. அதனால் சிலந்தி நூலை யாரும் கைவிட்டுவிடவில்லை. அதே நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 2017-ல், ஈ.கோலை பாக்டீரியாவை வைத்தே செயற்கை சிலந்திப் பட்டு தயாரித்து, அதில் லெவோஃப்ளோக்சாசின் என்ற ஆன்டிபயாடிக்கை இணைத்துக் காட்டினார்கள். அந்த மருந்து குறைந்தது ஐந்து நாட்களுக்கு மெல்ல மெல்லக் கசிந்து வந்தது. நாள்பட்ட புண்களுக்கான கட்டுத்துணியாக அதை மாற்ற முடியுமா என்பதே அவர்களின் எதிர்பார்ப்பு. அங்கே கிருமியைக் கொல்வது மருந்து. பட்டு அதைச் சுமந்து செல்லும் வண்டி மட்டும்தான்.