ஸ்ருடிபேக்கர் தொழிலாளர்களும் கைவிடப்பட்ட ஓய்வூதியமும்



ஓய்வூதியம் பற்றிப் பேச வரும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “வருடாவருடம் வேலைத்தலத்திலிருந்து பென்சன் அறிக்கை வருகிறது. சொத்து, பொறுப்பு, பற்றாக்குறை என்று ஏதேதோ எழுதியிருக்கிறது. இதெல்லாம் என்ன?” இச்சொற்கள் ஏன் எமது அறிக்கைகளில் இடம்பிடித்தன என்ற வரலாற்றோடு சேர்த்துச் சொன்னால் இலகுவாக விளங்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. வேலைத்தல ஓய்வூதியம் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்றில் நீங்களும் முதலாளியும் மாதாமாதம் இவ்வளவு போடுவதென்று முடிவாகியிருக்கும். கடைசியில் எவ்வளவு சேர்கிறதோ அதுதான் உங்களுக்கு. இது வரையறுத்த பங்களிப்புத் திட்டம். மற்றதில், இத்தனை வருடம் வேலை செய்தால் மாதம் இவ்வளவு தருவோம் என்று கொம்பனி வாக்குறுதி கொடுக்கிறது. இது வரையறுத்த பயன் திட்டம். பற்றாக்குறை என்ற சொல் இந்த இரண்டாவது வகைக்கே உரியது.

இனி வரலாற்றுக்கு வருவோம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் சவுத் பென்ட் என்றொரு நகரம். அங்கே 1852இல் சகோதரர்கள் தொடங்கிய கொல்லன் பட்டறையும் வண்டிக் கடையும்தான் பின்னாளில் ஸ்ருடிபேக்கர் கார்க் கொம்பனி ஆனது. 1950இல் கார்த் தொழிலாளர் சங்கத்துடன் பேசி, அங்கே ஓர் ஓய்வூதியத் திட்டம் உருவானது. திட்டம் தொடங்குவதற்கு முன்னர் தொழிலாளர் வேலை செய்த வருடங்களுக்கும் ஓய்வூதியம் தருவதாகக் கொம்பனி ஒப்புக்கொண்டது. நல்ல காரியம். ஆனால் அந்தப் பழைய வருடங்களுக்கென்று நிதியத்தில் ஒரு சதமும் இருக்கவில்லை. அந்தத் தொகையை 30 வருடங்களில் சிறிது சிறிதாகக் கட்டித் தீர்ப்பதென்று ஏற்பாடு.

இங்கேதான் அந்தச் சொற்கள் வருகின்றன. நிதியத்தில் இன்று உள்ள பணம், பங்குகள், கடன் பத்திரங்கள் எல்லாம் சேர்ந்தது சொத்து. எதிர்காலத்தில் கொடுக்கவேண்டிய ஓய்வூதியம் முழுவதற்கும் இன்று எவ்வளவு கையில் வேண்டும் என்ற கணக்கே பொறுப்பு. பொறுப்பு சொத்தைவிட அதிகமானால், அந்த வித்தியாசம் பற்றாக்குறை.

பொறுப்பைக் கணக்கிடுபவர் அக்சுவரி என்ற வல்லுநர். அவர் கழிவு வீதம் ஒன்றைப் பயன்படுத்துவார். உதாரணமாக, 20 வருடம் கழித்து ஒரு இலட்சம் டொலர் கொடுக்கவேண்டும் என்று வைப்போம். நிதியம் வருடம் 7 வீதம் உழைக்கும் என்று எண்ணினால் இன்று ஏறக்குறைய 25,800 டொலர் போதும். 4 வீதம்தான் உழைக்கும் என்றால் 45,600 டொலர் வேண்டும். வாக்குறுதி அதேதான், எண்ணம் மாறியதும் பொறுப்பு மாறிவிடுகிறது. ஆகவே அறிக்கையில் இந்த வீதம் என்னவென்று பாராமல் பற்றாக்குறையை மட்டும் பார்ப்பதில் பயனில்லை.

ஸ்ருடிபேக்கர் கொம்பனி 1950களின் நடுப்பகுதியில் நட்டமடைந்தது. 1963 டிசம்பரில் சவுத் பென்ட் தொழிற்சாலையை மூடியது. அடுத்த வருடம் ஓய்வூதியத் திட்டமும் முடிவுக்கு வந்தது. இருந்த பணத்தைப் பங்கிட்டபோது, ஏற்கெனவே ஓய்வுபெற்றவர்களும் 60 வயதை எட்டி ஓய்வுக்குத் தகுதி பெற்றவர்களுமாக ஏறக்குறைய 3,600 பேருக்கு முழு ஓய்வூதியமும் கிடைத்தது. 40க்கும் 59க்கும் இடைப்பட்ட வயதில், குறைந்தது 10 வருடம் வேலை செய்திருந்த சுமார் 4,000 பேருக்கு, சேரவேண்டியதில் டொலருக்கு 15 சதம்தான் மிஞ்சியது. அதுவும் ஒரே தடவையில் கொடுத்து முடிக்கப்பட்டது. இவர்களின் சராசரி வயது 52; சராசரியாக 23 வருடம் உழைத்தவர்கள். மிகுதி 2,900 பேருக்கு ஒன்றுமே இல்லை.

நேயர்களே, இதில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று. கொம்பனி எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. நிதியத்தில் உள்ளதற்கு மேல் கொம்பனி பொறுப்பல்ல என்பதே ஒப்பந்தம். 30 வருடக் கணக்கும் பிழையில்லை. கொம்பனி 30 வருடம் நிலைத்திருந்தால்! அதனால்தான் இன்று அக்சுவரிகள் கணக்கை இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். கொம்பனி தொடர்ந்து நடக்கும் என்று எண்ணிப் பார்ப்பது ஒன்று. இன்றே மூடினால் என்னவாகும் என்று பார்ப்பது மற்றது. முதலாவதில் மிகையாகத் தெரியும் திட்டம் இரண்டாவதில் பற்றாக்குறையாக இருக்கலாம்.

சவுத் பென்ட் தொழிலாளரின் கதை வாஷிங்டன் வரை பேசப்பட்டது. பத்து வருட இழுபறிக்குப் பின்னர், 1974 செப்டெம்பர் 2ஆம் திகதி, தொழிலாளர் தினத்தன்று, எரிசா எனப்படும் ஓய்வூதியச் சட்டத்தில் ஜனாதிபதி ஃபோர்ட் கையொப்பமிட்டார். நிதியத்தில் குறைந்தபட்சம் எவ்வளவு போடவேண்டும், எத்தனை வருடத்தில் உரிமை உறுதியாகும் என்பவற்றை அது விதித்தது. திட்டம் முறிந்தால் கைகொடுக்க ஒரு காப்புறுதி அமைப்பையும் உருவாக்கியது.

கனடாவில் ஒன்ராறியோ மாகாணம் 1963இலேயே ஓய்வூதியச் சட்டம் இயற்றியது. 1980இல் உத்தரவாத நிதியம் ஒன்றையும் அமைத்தது. இப்போது அது மாதம் முதல் 1,500 டொலர் வரையே காப்பாற்றும். ஏனைய மாகாணங்களில் அதுவும் இல்லை. 2009இல் நோர்ட்டலும் 2017இல் சியர்ஸ் கனடாவும் நீதிமன்றப் பாதுகாப்புக் கோரியபோது ஓய்வூதியர்கள் கடன்கொடுநர் வரிசையில் பின்னால் நின்றார்கள். சியர்ஸ் 2013இல் மட்டும் பங்குதாரர்களுக்கு 50 கோடி டொலருக்கு மேல் பங்கிலாபம் கொடுத்திருந்தது. இத்தகைய அனுபவங்களின் பின்னரே ஓய்வூதியப் பற்றாக்குறைக்கு முன்னுரிமை தரும் சட்டம் 2023 ஏப்ரலில் நிறைவேறி, 2025 ஏப்ரல் 27 முதல் நடைமுறைக்கு வந்தது.

அடுத்த அறிக்கை வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எனது திட்டம் எந்த வகை? இன்றே மூடினால் நூற்றுக்கு எவ்வளவு கையில் உண்டு? எந்த வீதத்தை எண்ணிக் கணக்குப் பார்த்தார்கள்? தொழிற்சங்கத்திடமோ நிர்வாகத்திடமோ கேட்பதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த நிதியத்தில் இருப்பது நீங்கள் இன்னும் கையில் வாங்காத உங்கள் சம்பளம்.