எச்சில், தாலி, வாசப்படி: போப்பின் உத்தரவு தமிழ்நாட்டில் எங்கே நின்றது?

கொண்டப்பநாயக்கன்பட்டியில எங்க வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்துதான் இந்த எபிசோடைப் பதிவு பண்றேன். நடுவுல ஏற்காடு பஸ் ஹாரன் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

இன்னைக்குக் கதை ஒரு தாத்தாவோட கேள்வியிலிருந்து ஆரம்பிக்குது. என்னோட காலேஜ் நண்பன் ஒருத்தன் ரோமன் கத்தோலிக்கன். அவனோட தாத்தா சின்ன வயசுல பீடச் சிறுவனா இருந்தவர். லத்தீன் ஜெபங்களை அர்த்தம் தெரியாமலே மனப்பாடமா சொல்லுவார். இப்போ கோயில்ல பூசைக்கு நடுவுல ஆரத்தி எடுத்தா, எழுந்து வெளியே போய் நிப்பார். 2021 ஜூலையில போப் பிரான்சிஸ் ஓர் உத்தரவு போட்டார். பழைய லத்தீன் பூசையை இனி அந்தந்த மறைமாவட்ட ஆயர் அனுமதிச்சாதான் வைக்கலாம், புதுசா குருப்பட்டம் வாங்கினவங்களுக்கு ரோமையும் கேட்டுத்தான் அனுமதி தரணும்னு. நண்பன் அந்தச் செய்தியைப் படிச்சுக் காட்டினான். தாத்தா சொன்னாராம்: "போப்பாண்டவர் சொன்னா கீழ்ப்படியணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்தப் பழைய பூசைதான். இப்ப போப்பாண்டவரே அதை நிறுத்தினா, நான் யாருக்குக் கீழ்ப்படியறது?"

நான் கத்தோலிக்கன் இல்லை. ஆனா இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. தேடிப் போனப்பதான் தெரிஞ்சது, இதே கேள்வியை நம்ம மண்ணுல 400 வருஷம் முன்னாடியே கேட்டிருக்காங்க. அதுல சேலத்துக்கும் ஓர் இடம் இருக்கு.

முதல்ல, இப்போதைய சண்டை

1962ல இருந்து 1965 வரைக்கும் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம், பூசை லத்தீன்ல இருந்து அந்தந்த ஊர் மொழிக்கு மாறிச்சு. 1969ல இந்தியத் திருச்சபைக்குன்னு 12 மாற்றங்களை ரோம் அங்கீகரிச்சது. கைகூப்பி வணங்கறது, தரையில உட்காருறது, ஆரத்தி எல்லாம் அந்தப் பட்டியல்ல வந்ததுதான். 'கோயிலை இந்துக் கோயில் ஆக்கறாங்க'ன்னு எதிர்த்தவங்களும் இருந்தாங்க. 1980கள்ல சென்னையில இருந்து விக்டர் குழந்தை இதை எதிர்த்துப் புத்தகமே எழுதினார்.

உலக அளவுல இந்த எதிர்ப்போட முகம் பிரெஞ்சு ஆயர் மார்செல் லெஃபெவ்ர். 1970ல புனித பத்தாம் பத்திநாதர் சபையைத் தொடங்கினார். 1988ல போப்போட அனுமதி இல்லாமலே நாலு பேரை ஆயரா அபிஷேகம் பண்ணினார். ரோம் அவங்களைச் சபைவிலக்கு செஞ்சது. அந்த நாலு ஆயர்கள் மேல இருந்த தடையை 2009ல 16ஆம் பெனடிக்ட் நீக்கினார். அதுக்கு முன்னாடியே, 2007ல, பழைய பூசையைத் தாராளமா வைக்கலாம்னு அனுமதி கொடுத்ததும் அவர்தான். 14 வருஷத்துல பிரான்சிஸ் அதைத் திருப்பிட்டார். லெஃபெவ்ர் தொடங்கின சபைக்கு நம்ம பாளையங்கோட்டையிலயும் ஒரு மையம் இருக்கு. அதனால இது ஏதோ ஐரோப்பாக்காரங்க சண்டைன்னு ஒதுக்கிட முடியாது.

ஒரு போப் கொடுத்ததை இன்னொரு போப் எடுக்கலாமா? பாரம்பரியம் பெருசா, போப் பெருசா? இந்தக் கேள்வியோட 1600களுக்குப் போவோம்.

மீசை பூசையான கதை

1606ல ராபர்ட் டி நொபிலிங்கிற இத்தாலிய சேசு சபைக் குரு மதுரைக்கு வந்தார். அங்கே ஏற்கனவே கொன்சாலோ பெர்னாண்டஸ்னு ஒரு போர்த்துகீசியக் குரு பத்து வருஷத்துக்கு மேலா இருந்தார். கடற்கரையிலிருந்து வந்த பரதவர்களுக்கும் போர்த்துகீசியர்களுக்கும் பூசை வைச்சார். ஆனா மதுரைக்காரங்க யாரும் அவர்கிட்ட சேரலை. காரணம் ஒரே வார்த்தை: பரங்கி. மாட்டுக்கறி தின்னுறவன், குடிக்கிறவன், குளிக்காதவன்னு அந்த வார்த்தைக்கு ஊர்ல அர்த்தம். கிறிஸ்தவன் ஆகறதுன்னா பரங்கிக் கூட்டத்துல சேர்றதுன்னு ஆகிப்போச்சு.

நொபிலி காவி கட்டினார். கறியை விட்டார். தனி வீடு எடுத்தார். தமிழோட சமஸ்கிருதமும் படிச்சார். "நான் பரங்கி இல்லை, ரோமாபுரியிலிருந்து வந்த சன்னியாசி"ன்னார். மதம் மாறின உயர்சாதிக்காரங்க பூணூலையும் குடுமியையும் வைச்சுக்கலாம், அதெல்லாம் சமூக அடையாளம்தான், மதம் இல்லைன்னு வாதிட்டார்.

வார்த்தைகளையும் மாத்தினார். அதுவரைக்கும் பூசைக்குப் போர்த்துகீசிய 'மிஸ்ஸா'தான். தமிழ்க் காதுல அது 'மீசை' மாதிரி விழுந்தது. அந்த இடத்துக்குத்தான் 'பூசை' வந்தது. நண்பனோட தாத்தா இன்னைக்கும் 'திருப்பலி'ன்னு சொல்ல மாட்டார், 'பூசை'ன்னுதான் சொல்வார். அவருக்கு அதுதான் பழைய, சுத்தமான வார்த்தை. 1610ல பெர்னாண்டஸுக்கு இந்த மாதிரி மாற்றமெல்லாம் துரோகமாப் பட்டது. மேலிடத்துக்குப் புகார் எழுதினார்.

புகார் பெருசாச்சு. 1619ல கோவாவுல பேராயர் தலைமையில கூட்டம் போட்டு விசாரிச்சாங்க. பெரும்பான்மை நொபிலிக்கு எதிராப் பேசிச்சு. விஷயம் ரோமுக்குப் போச்சு. 1623 ஜனவரி 31ல போப் 15ஆம் கிரகோரி தீர்ப்பு சொன்னார்: மூடநம்பிக்கை கலக்காத வரைக்கும் பூணூல், குடுமி, சந்தனம், குளியல் எல்லாம் இருக்கலாம். அதே உத்தரவுல ஒரு வேண்டுகோளும் வைச்சார். குலப்பெருமை பேசுறவங்க தாழ்ந்த நிலையில இருக்கிற கிறிஸ்தவர்களை, அதுவும் கோயிலுக்குள்ள, இழிவா நடத்தாதீங்கன்னு.

அதே 1623லதான் நொபிலி மதுரையை விட்டு வடக்கே கிளம்பினார். திருச்சி தாண்டி, கொல்லிமலை அடிவாரத்துல இருக்கிற சேந்தமங்கலத்துக்கு வந்தார். அங்கே ஆண்ட நாயக்கர் அவரை மரியாதையா வரவேற்றார். அங்கிருந்து சேலம். இப்போ சேந்தமங்கலம் நாமக்கல் மாவட்டம். நாமக்கல் பக்கம் போறப்போ ராசிபுரத்துல பஸ் நிற்கும் இல்லையா, அந்தப் பக்கம்தான். பேர்ல நாயக்கனை வைச்சிருக்கிற ஊர்ல உட்கார்ந்து இதைப் படிச்சப்போ, 'ஓ, இது நம்ம பக்கத்து வீட்டுக் கதை'ன்னு தோணிச்சு.

அனுமதி கேட்டவங்க எதை மறைச்சாங்க

இதுவரை கேட்டா நொபிலி ஹீரோ மாதிரி தெரியும். உள்ளூர் பண்பாட்டை மதிச்ச வெள்ளைக்காரர். ஆனா அவர் மதிச்ச பண்பாட்டுக்குள்ள சாதியும் இருந்தது. பிராமண சன்னியாசி மாதிரி வாழ்ற குரு, சேரிக்குள்ள கால் வைக்க முடியாது. வைச்சா உயர்சாதிக்காரங்க அவரைத் தொட மாட்டாங்க. அதனால 1640ல பல்தசார் த கோஸ்தாவில தொடங்கி, 'பண்டாரசாமி'ன்னு இன்னொரு வகைக் குருக்கள் வந்தாங்க. அவங்க மத்த சாதிகளோட பழகலாம். ஒரே சபை, ஒரே தேவன், ரெண்டு வகைச் சாமியார்.

பறையர் சமூகத்துல யாராவது சாகக் கிடந்தா, குரு அவர் வீட்டுக்குப் போக மாட்டார். நோயாளியைக் கோயிலுக்கோ வேற இடத்துக்கோ தூக்கிட்டு வரணும். மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கிற ஒருத்தரைக் கட்டிலோட தூக்கி வெயில்ல நடந்து வர்றதை நினைச்சுப் பாருங்க.

புதுச்சேரியில எட்டு மாசம்

1703 நவம்பர்ல போப்போட தூதர் தூர்னோன் புதுச்சேரியில இறங்கினார். போக வேண்டியது சீனா. உடம்பு சரியில்லாம எட்டு மாசம் புதுச்சேரியிலேயே தங்கிட்டார். அங்கே கப்புச்சின் சபைக்காரங்களுக்கும் சேசு சபைக்காரங்களுக்கும் ஆகவே ஆகாது. சேசு சபைக்காரங்க மதத்தைக் கலப்படம் பண்றாங்கன்னு புகார் குவிஞ்சது. தூர்னோன் உள்நாட்டு ஊர்களுக்குப் போய்ப் பார்க்கவே இல்லை. விசாரிச்சு, 1704 ஜூன்ல 16 அம்சம் கொண்ட உத்தரவை எழுதினார். கப்பல் ஏறுறதுக்குச் சில நாள் முன்னாடி, ஜூலையில, வெளியிட்டார்.

உத்தரவுல என்ன இருந்தது? ஞானஸ்நானத்துல குரு தன் எச்சிலைத் தொட்டு வைக்கிற சடங்கை விடக்கூடாது. நம்ம ஊர்ல எச்சில்னா தீட்டு, அதனால குருக்கள் அதை விட்டுட்டாங்க. தூர்னோன் திருப்பி வைன்னார். தாலியில பிள்ளையார் உருவம் கூடாது, சிலுவையோ வேற புனித உருவமோ இருக்கணும். மாதவிலக்கு நேரத்துல பெண்களைக் கோயிலுக்கு வரவிடாம தடுக்கக் கூடாது. பொண்ணு வயசுக்கு வந்தா ஊரைக் கூட்டி விழா எடுக்கக் கூடாது. கிறிஸ்தவ மேளக்காரங்க இந்துக் கோயில்ல வாசிக்கக் கூடாது. நெத்தியில விபூதி கூடாது. இதோட ஒண்ணு: பறையர் நோயாளிகளைக் குருக்கள் அவங்க வீட்டுக்கே போய்ப் பார்க்கணும்.

இந்தப் பட்டியலை நான் ரெண்டு மூணு தடவை படிச்சேன். ஒரே கையெழுத்துல, ஒரே அதிகாரத்துல, ஊர் பண்பாடு புரியாத கட்டளையும் இருக்கு, ஊரே கேட்டிருக்க வேண்டிய கட்டளையும் இருக்கு. மாதவிலக்கு விஷயத்துல 1704 உத்தரவு நம்ம காலத்துப் பல கோயில்களை விட முன்னாடி நிக்குது.

40 வருஷ வாய்தா

சேசு சபைக்காரங்க மறுப்புன்னு சொல்லலை. மேல்முறையீடு பண்ணினாங்க. 'தூதருக்குப் புரியலை, இதை அமல்படுத்தினா சபையே காலியாகிடும்'னு ரோமுக்கு எழுதினாங்க. தூர்னோன் சீனாவுல இன்னொரு சண்டையில மாட்டி, 1710ல மக்காவுல காவல்லயே செத்துப்போனார். இங்கே வழக்கு இழுத்துக்கிட்டே போச்சு. இந்தக் காலத்துலதான் வீரமாமுனிவர் தமிழ்நாட்டுக்கு வந்து 'தேம்பாவணி' எழுதினதும். 1734ல 12ஆம் கிளமெண்ட் உத்தரவைக் கொஞ்சம் திருத்தி உறுதி பண்ணினார். 1744 செப்டம்பர் 12ல 14ஆம் பெனடிக்ட் கடைசித் தீர்ப்பு சொன்னார்: உத்தரவு உத்தரவுதான், கீழ்ப்படிவேன்னு ஒவ்வொரு குருவும் சத்தியம் பண்ணணும். எச்சில் சடங்குக்கு மட்டும் சில நிலைமைகள்ல பத்து வருஷம் சலுகை.

சேரி வீட்டு வாசப்படி என்ன ஆச்சு? சேசு சபை ஒரு யோசனை சொல்லிச்சு. பறையர்களுக்குன்னே தனிக் குருக்களை நியமிக்கிறோம், அவங்க வீட்டுக்குப் போவாங்க, மத்தவங்க போக வேண்டாம். போப் அதை ஏத்துக்கிட்டார். எனக்கு இந்தக் கதையில நெஞ்சுல தைக்கிற இடம் இதுதான். கீழ்ப்படியாதவன் யாரும் இல்லை. எல்லாரும் சத்தியம் பண்ணிட்டாங்க. நோயாளியைத் தூக்கிட்டு வர வேண்டாம்னு ஆச்சு, அது நிஜமான மாற்றம். ஆனா உத்தரவு உடைக்க வேண்டிய சுவர், உத்தரவுக்குள்ளேயே கட்டப்பட்டுடுச்சு.

1773ல ஒரு போப் சேசு சபையையே கலைச்சார். 1814ல இன்னொரு போப் திருப்பி உயிர் கொடுத்தார். அந்தச் சத்தியப் பிரமாணத்தை ரோம் ரத்து பண்ணினது 1940ல. 196 வருஷம்.

சுவரும் பல இடத்துல நின்னுச்சு. வடக்கன்குளத்துல 1872ல கட்டின கோயில் ரெண்டு கிளையாப் பிரிஞ்சு பீடத்துல சேரும். ஒரு பக்கம் வெள்ளாளர், இன்னொரு பக்கம் நாடார், நடுவுல சுவர். 1910ல குருக்கள் அந்தச் சுவரை இடிச்சாங்க. வெள்ளாளர்கள் 'இது எங்க பழைய வழக்கம்'னு குருக்கள் மேலேயே வழக்குப் போட்டாங்க. சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோத்தாங்க. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துல சாதிக்காகக் கட்டின சுவர் பத்தி நம்ம காலத்துலயும் செய்தி வருது.

தாத்தாவுக்கு என்ன சொல்றது

இந்தக் கதையை நண்பன் வீட்டுல உட்கார்ந்து தாத்தாகிட்ட சொன்னேன். அவர் வலி பொய் இல்லை. அறுபது வருஷம் மனசுல வைச்சிருந்த பிரார்த்தனையை ஒரு காகிதம் ஓரம் தள்ளினா வலிக்கும். நான் சொன்னது இவ்வளவுதான்: நீங்க பாதுகாக்கிற 'பூசை'ங்கிற வார்த்தை ஒரு காலத்துல புதுமை. உங்க வீட்டுப் பாட்டி கழுத்துல இருக்கிற சிலுவைத் தாலி மாதிரி ஒண்ணைத்தான் 1704ல உத்தரவாப் போட்டு, ஊர் முணுமுணுத்திருக்கு. அதனால 'பழசு'ங்கிறது மட்டும் காரணம் ஆகாது. 'மேலிடம் சொல்லிடுச்சு'ங்கிறதும் மட்டும் காரணம் ஆகாது. அந்த வழக்கம் யாரை உள்ளே விடுது, யாரைக் கட்டிலோட வெளியே நிக்க வைக்குதுன்னு பார்க்கணும்.

தாத்தா ரொம்ப நேரம் பேசலை. ஆரத்தி விஷயத்துல அவர் மனசு மாறவும் இல்லை. கடைசியா ஒண்ணு கேட்டார்: "எச்சில் வைக்கச் சொன்ன உத்தரவுக்கும் வீட்டுக்குப் போகச் சொன்ன உத்தரவுக்கும் ஒரே மாதிரி மேல்முறையீடு பண்ணினாங்களா?" ஆமான்னேன். "அதுதான் பாவம்"னார்.

உங்க வீட்டுல, உங்க கோயில்ல, 'காலங்காலமா இப்படித்தான்'னு சொல்ற ஒரு வழக்கம் எப்போ தொடங்கிச்சுன்னு ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்க. கிடைச்சா எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.