வெப்ப அலை, பிரித்தானிய வீடுகளில்

கோடையில் சில நாட்கள் விடாமல் நீடிக்கும் மிகைவெப்பத்தைப் பிரித்தானியக் குடும்பங்கள் வீட்டுக்குள் தாங்கிக்கொள்ளும் முறைகள் இங்கே கூறப்படுகின்றன. அந்நாட்டில் இதுவரை பதிவான உச்ச வெப்பநிலை 40.3 டிகிரி செல்சியஸ். லிங்கன்ஷயர் மாவட்டத்துக் கோனிங்ஸ்பியில் 2022 சூலை 19 அன்று இது பதிவாயிற்று. அன்றும் அதற்கு முந்தைய நாளும் வானிலை அலுவலகம் தன் வரலாற்றிலேயே முதன்முறையாகச் சிவப்பு வெப்ப எச்சரிக்கை விடுத்திருந்தது. நாற்பதைக் கண்டு பழகிய நாட்டவருக்கு இதில் என்ன பெரிய செய்தி என்று தோன்றலாம். ஆனால் அங்கே அது பெரிய செய்திதான்; காரணம் வீடு. குளிருக்கு அஞ்சிக் கட்டப்பட்ட வீடு அது. சுவரும் தரைவிரிப்பும் கூரையடிப் பஞ்சும் உள்ளே வந்த சூட்டை வெளியே விடாமல் காக்கவே அமைந்தவை.

வகைப்பாடு

எத்தனை டிகிரியை வெப்ப அலை என்பது என்ற கேள்விக்கு நாடு முழுவதற்கும் பொதுவான விடை கிடையாது. மூன்று நாட்களாவது தொடர்ந்து அன்றாட உச்ச வெப்பநிலை அந்தந்த மாவட்டத்துக்கு வகுத்த அளவைத் தொடவேண்டும். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் அந்த அளவு 25 டிகிரி. லண்டனுக்கும் அதைச் சூழ்ந்த சில மாவட்டங்களுக்கும் 28. இது வானிலை அலுவலகத்தின் கணக்கு. உடல்நலம் சார்ந்த மஞ்சள், ஆம்பர், சிவப்பு அறிவிப்புகளை விடுவது வேறொரு துறை. இந்த வண்ண முறை 2023இல் வந்தது. வானிலை அலுவலகத்தின் வெப்ப எச்சரிக்கையும் இந்த நலத்துறை அறிவிப்பும் ஒரே நாளில் வெவ்வேறு நிறத்தில் வருவதும் உண்டு.

பழைய பதிவுகளில் எதை ஏற்பது என்பதும் வகைப்பாட்டைச் சேர்ந்ததே. கென்ட் மாவட்டத்து டன்பிரிட்ஜில் 1868இலும், கிரீனிச் வானாய்வகத்தில் 1911 ஆகஸ்டு 9 அன்றும் நூறு ஃபாரன்ஹீட்டைத் தொட்டதாகக் குறிப்புகள் இருக்கின்றன. ஆனால் அந்த வெப்பமானிகள் இன்று ஏற்கப்படும் மரச்சட்டப் பெட்டிக்குள் இல்லை. ஆகவே அவை பட்டியலில் சேரா. 1911ஆம் ஆண்டுக்கு உரிய அளவு 36.7 டிகிரியே. அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன். எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் தந்தை.

முற்காலம்

மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலைத் தொடர் 1659இல் தொடங்குகிறது. கருவிகொண்டு அளந்த தொடர்களில் உலகிலேயே மிகப் பழையது இதுதான். ஆயினும் வீட்டுக்குள் மக்கள் என்ன செய்தார்கள் என்பதை அது சொல்லாது. அதற்கு நாட்குறிப்புகளைத்தான் நாடவேண்டும். சாமுவேல் பெப்பிஸ் 1665 சூன் 7ஆம் நாளைத் தன் வாழ்நாளிலேயே கடுமையான வெயில் என்று குறித்திருக்கிறார். கொள்ளைநோய் லண்டனைச் சூழ்ந்துகொண்டிருந்த வேளை அது. செல்போர்ன் ஊர்ப் பாதிரியார் கில்பர்ட் ஒயிட், 1783ஆம் ஆண்டுக் கோடையில் வெட்டிய இறைச்சி மறுநாளே உண்ணத் தகாததாகிவிட்டது என்று எழுதினார். ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலை அவ்வாண்டு சூனில் வெடித்துப் புகைமூட்டம் ஐரோப்பாவெங்கும் பரவியிருந்தது.

ஊரைவிட நகரம் சூடு என்பதை எண்ணாக எழுதிக் காட்டியவர் லூக் ஹாவர்ட். மேகங்களுக்குப் பெயர் சூட்டியவரும் இவரே. தொழில்முறையில் மருந்து வேதிப்பொருள் செய்பவர். நகருக்கு வெளியே தாம் அளந்ததையும் நகருக்குள் ராயல் சொசைட்டி அளந்ததையும் ஒப்பிட்டு, லண்டனின் இரவு சுற்றுப்புற இரவைவிட 3.7 ஃபாரன்ஹீட் டிகிரி கூடுதல் வெப்பம் என்று கண்டார். அவர் சில காலம் வாழ்ந்த பிளேஸ்டோ, இன்று தமிழ்க் கடைகள் நிறைந்த ஈஸ்ட் ஹாமுக்கு அடுத்த பகுதி. அக்காலத்தில் வயல்வெளி.

சன்னல். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய சாஷ் சன்னல் வெப்பத்துக்கு நல்ல மருந்து. மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கண்ணாடிச் சட்டங்கள். ஒவ்வொன்றும் கயிற்றில் தொங்கும். கயிறு மேலே ஒரு சிறு கப்பியில் ஏறிப் பக்கவாட்டுப் பெட்டிக்குள் இறங்கும். அதன் நுனியில் சட்டத்தின் எடைக்குச் சமமாக ஈயமோ இரும்போ கட்டியிருப்பார்கள். ஆகவே ஒரு விரலால் தள்ளினாலும் சட்டம் நகரும், விட்ட இடத்தில் நிற்கும். மேல் சட்டத்தை ஒரு சாண் இறக்கி, கீழ் சட்டத்தை அதே அளவு ஏற்றிவைத்தால் கூரையடியில் தேங்கிய சூடு மேல்வழியே போகும்; குளிர்ந்த காற்று கீழ்வழியே வரும். இன்று இந்தச் சன்னல் உள்ள வீடுகள் பலவற்றில் மேல் சட்டம் நகராது. அடுக்கடுக்காகப் பூசிய பெயின்ட் அதைச் சட்டகத்தோடு ஒட்டவைத்துவிட்டது, கயிறும் இற்றுப்போயிருக்கும். கருவி இருந்தும் பயன் இல்லை.

சன்னலுக்கு 1696 முதல் 1851 வரை வரி இருந்தது. கண்ணாடித் தீர்வை 1845இல் நீங்கியது. இரண்டும் ஒழிந்ததும் சன்னல்கள் பெருத்தன, வெயிலும் கூடவே உள்ளே வந்தது. அதற்கு விக்டோரியா கால வீட்டார் கண்ட வழி வெளித்திரை. சன்னலின் தலைமாட்டில் மரப்பெட்டி ஒன்றைப் பொருத்தி, அதிலிருந்து கோடுபோட்ட கித்தான் துணியை வெளிப்பக்கமாக இழுத்து இறக்குவார்கள். பிரைட்டன் போன்ற கடற்கரை ஊர்களின் பழைய வீட்டு முகப்புகளில் துணி போய் வெறும் பெட்டிமட்டும் எஞ்சி நிற்பதை இன்றும் காணலாம். கண்ணாடியைக் கடந்துவிட்ட வெயிலை உள்ளே தொங்கும் திரைச்சீலை முழுதும் தடுக்காது. சீலையே சூடாகி அறைக்குள் வெப்பத்தை விடும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துவதே முறை. இத்தாலியரும் ஸ்பானியரும் இதை விடவில்லை. பிரித்தானியர் விட்டுவிட்டு இப்போது மின்விசிறி வாங்குகிறார்கள்.

பனிக்கட்டி. இரண்டாம் சார்லஸ் மன்னருக்காகச் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் 1660இல் பனிக்கட்டிக் கிடங்கு கட்டப்பட்டது. பின்னர்ப் பெருநிலக்கிழார்கள் தத்தம் பண்ணைகளில் தோண்டிக்கொண்டார்கள்: குளிர்காலத்தில் குளத்தில் உறைந்த கட்டிகளை வெட்டி, வைக்கோல் போர்த்தி, நிலத்தடியில் வைத்து ஆகஸ்டில் எடுப்பது. 1840களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலிருந்து வென்ஹாம் ஏரிப் பனிக்கட்டி லண்டனுக்குக் கப்பலேறி வந்தது. அதே மாசசூசெட்ஸின் பனிக்கட்டி சென்னைக்கும் வந்ததைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், நினைவூட்டும். நார்வேப் பனிக்கட்டியை இறக்கிய கார்லோ காட்டி, கிங்ஸ் கிராஸ் அருகே ரீஜன்ட் கால்வாய்க் கரையில் ஆழ்கிணறுகள் வெட்டிச் சேமித்தார். அந்தக் கட்டடம் இப்போது லண்டன் கால்வாய் அருங்காட்சியகம்.

பனிக்கட்டி வாங்க இயலாதவர்களுக்கு லார்டர் எனப்படும் உணவறை இருந்தது. வடக்குச் சுவரில் அமைத்து, கம்பிவலைச் சாளரம் வைத்து, கற்பலகையில் பாலும் வெண்ணெயும் வைப்பார்கள். பளபளப்புப் பூசாத மண்மூடியை நீரில் நனைத்து வெண்ணெய்மேல் கவிழ்ப்பதும் உண்டு. பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். குளிர்பதனப்பெட்டி பரவலாகும்வரை இவை புழக்கத்தில் இருந்தன.

1858ஆம் ஆண்டுக் கோடையில் லண்டனைத் தாக்கிய பெருநாற்றம் வேறு வகைத் தொல்லை. தேம்ஸில் கலந்த கழிவு வெயிலில் புழுங்கியதால் நாடாளுமன்றத் திரைகளைக் குளோரைடு சுண்ணத்தில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். பொறியாளர் ஜோசப் பசால்கெட்டின் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு வழி திறந்தது இதுவே.

1976

முதியவர்கள் எந்த வெயிலையும் 1976ஆம் ஆண்டு வெயிலோடு ஒப்பிடுவார்கள். சூன் 23 முதல் சூலை 7 வரை பதினைந்து நாட்கள் இங்கிலாந்தில் எங்கேனும் ஓரிடத்தில் 32 டிகிரி தாண்டியது. உச்சம் செல்டன்ஹாமில் 35.9. அக்கோடையில் உண்மையான நெருக்கடி தண்ணீர்தான். தெருக்குழாயில் வாளியோடு வரிசை நின்றார்கள், குளித்த நீரைத் தோட்டத்துக்கு ஊற்றினார்கள், கழிப்பறைத் தொட்டிக்குள் செங்கல் போட்டு நீரைக் குறைத்தார்கள். ஆகஸ்டில் டெனிஸ் ஹவல் வறட்சித் துறை அமைச்சராக நியமிக்கப்பட்டார். சில நாட்களிலேயே மழை கொட்டியது. இன்றைய வெயிலைவிட அது கொடிது என்பது நினைவின் வேலை. நீண்டது உண்மை, உச்சத்தில் குறைவு: செல்டன்ஹாமிலேயே 1990இல் 37.1, கென்டின் ஃபாவர்ஷாமில் 2003இல் 38.5, கேம்பிரிட்ஜில் 2019இல் 38.7.

வீட்டின் திசை

உச்சிவெயில் கூரையில் விழும் நாட்டு அனுபவம் இங்கே முழுதாக உதவாது. சூன் இறுதியில் லண்டனில் பதினாறு மணிநேரத்துக்கு மேல் பகல். ஒன்பது மணி கடந்துதான் சூரியன் மறையும். மாலைக் கதிர் தாழ்வாகச் சாய்ந்து மேற்குச் சன்னல் வழியே படுக்கைவரை வரும். எனவே காலையில் கிழக்குத் திரையையும் பிற்பகலில் மேற்குத் திரையையும் மூடுவதும், வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்த பிறகே சன்னல்களைத் திறப்பதும் முறை. காற்றுக்காக நண்பகலில் எல்லாவற்றையும் திறந்துவைப்பது பரவலான பிழை.

முன்னும் பின்னும் சன்னல் உள்ள பழைய வரிசைவீடு இரவில் காற்றை ஊடுருவவிடும். ஒரே பக்கம் மட்டும் சன்னல் உள்ள புதிய அடுக்ககம் விடாது. பாதுகாப்புத் தடுப்பால் சன்னல் பத்து சென்டிமீட்டரே திறப்பதும் உண்டு. கூரையடியை அறையாக மாற்றிய வீட்டில் அதுவே மிகச் சூடான இடம். கோடையில் பாயைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்து படுப்பதே அறிவு. வெளிப்புறமாகத் திறக்கும் சன்னல்களில் பெட்டி வகை ஏசி பொருந்தாது; உருளும் ஏசியின் குழாயை வெளியே விட்டால் அந்த இடைவெளி வழியே சூடு திரும்பி வரும். அறை 35 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி உதவாது என்பது அரசு நலத்துறையின் அறிவுரை. பல மருந்துகளை 25 டிகிரிக்குக் கீழே வைக்கவேண்டும் என்று அவற்றின் உறையிலேயே அச்சிட்டிருக்கும். குளியலறை அலமாரி அதற்கு ஏற்ற இடமன்று.

இன்றைய நிலை

2003இன் வெப்பத்தில் இங்கிலாந்தில் வழக்கத்தைவிட இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் கூடுதலாக இறந்தனர். மறு ஆண்டே வெப்ப அலைத் திட்டம் வந்தது. 2022இன் ஐந்து வெப்பக் காலங்களில் இவ்வெண்ணிக்கை 2,985. பெரும்பாலோர் 65 வயது கடந்தவர்கள். 2025ஆம் ஆண்டுக் கோடை, சராசரி வெப்பநிலையில் அதுவரை பதிவான எல்லாக் கோடைகளையும் விஞ்சியது. புதிய வீடுகள் மிகையாகச் சூடேறாதபடி கட்டவேண்டும் என்ற விதி இங்கிலாந்தில் 2022 சூன் முதல் நடப்பில் உள்ளது. ஏற்கெனவே நிற்கும் வீடுகளை அது கட்டுப்படுத்தாது. பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடங்களில் வெளித்திரை புதிதாகப் பொருத்த உள்ளாட்சியின் ஒப்புதல் வேண்டும்.