பதினைந்து அடிச் சேறு

பவானிசாகர் அணையின் உயரம் 120 அடி. ஆனால் 105 அடியிலேயே அணை நிரம்பிவிடும். நடுவில் காணாமல்போன 15 அடி எங்கே என்று கேட்டால், செய்தித்தாள்கள் வருஷா வருஷம் ஒரே வரியில் பதில் சொல்லும்: சேறும் சகதியும் 15 அடி, அது போக மீதி 105. நான் பேப்பர் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்த 15 மாறியதே இல்லை. பவானியும் மோயாறும் மட்டும் ஒவ்வொரு மழைக்கும் மலையிலிருந்து மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கின்றன.

கொங்கு நாட்டில் அணையின் அடிக்கணக்கு வெறும் தகவல் இல்லை. எங்க அப்பிச்சி டீக்கடையில் "டேம் எத்தன அடிங்?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார். அந்த எண்ணை வைத்து நெல்லா, கடலையா என்று முடிவாகும். கடன் வாங்கலாமா என்பதுகூட முடிவாகும். ஆனால் அந்த எண் உண்மையில் எதை அளக்கிறது?

1948இல் தொடங்கி 1955இல் முடிந்த அணை இது. சுதந்திர இந்தியா கையிலெடுத்த முதல் பெரிய பாசனத் திட்டங்களில் ஒன்று. கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய வேண்டும். அத்தனைக்கும் ஒரே போகத்தில் தண்ணீர் பத்தாது என்பதால் ஆயக்கட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நஞ்சை, மறு பாதிக்குப் புஞ்சை என்று முறை வைத்தார்கள். இதுபோக கொடிவேரி, காலிங்கராயன் போன்ற பழைய பாசனங்களுக்கும் இதே தண்ணீர்தான்.

அணைக்குள் முழுகிய டணாய்க்கன் கோட்டையும் அதன் கோயிலும் கடும் வறட்சியில் வெளியே தலைகாட்டும். மேட்டூரிலும் அப்படித்தான், தண்ணீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் தெரியும். அளவுகோலைப் பார்க்காதவர்களுக்கு இந்தக் கற்கள்தான் அளவுகோல். ஆனால் கோட்டைச் சுவரானாலும் அணையில் வரைந்த அடிக்கோடானாலும் காட்டுவது ஒன்றைத்தான்: தண்ணீரின் மேல்மட்டம் எங்கே நிற்கிறது என்பதை. கீழே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது வேறு கேள்வி.

முதல் சிக்கல் வடிவம். அணை என்பது நேர்ச்சுவர் வைத்த தொட்டி கிடையாது. மேலே விரிந்து கீழே குறுகும் பள்ளத்தாக்கு. கூம்பு வடிவப் பாத்திரத்தில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் இருப்பது பாதி அல்ல, எட்டில் ஒரு பங்கு. பவானிசாகரில் 105 அடிக்கு 32.8 டிஎம்சி. 100 அடிக்கு 28.7 டிஎம்சி வாக்கில் இருக்கும். அதாவது மேல் 5 அடியில் மட்டும் 4 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி, ஏறத்தாழ 2,832 கோடி லிட்டர். "பாதி அணை இருக்குது" என்று 52 அடியைப் பார்த்துச் சொன்னால், உள்ளே கால்வாசிகூட இருக்காது.

இரண்டாவது சிக்கல்தான் சேறு. 15 அடி என்றதும் அது தரையில் பாய் விரித்த மாதிரி சமமாகப் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். ஆறு அணைக்குள் நுழையும் இடத்திலேயே வேகம் குறைந்துவிடும். பருமணல் அங்கேயே இறங்கித் திட்டாகிவிடும். நைஸ் வண்டல் மட்டும்தான் அணைச்சுவர் வரை வரும். ஆக, சேற்றில் ஒரு பகுதி நாம் கழித்துவிட்ட அடிமட்டத்தில் இல்லை; 'தண்ணீர்' என்று கணக்கெழுதும் மேல் அடிகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 15 அடியை ஒருமுறை கழித்தாயிற்று. அதற்குப் பிறகு வந்ததை யார் கழிப்பது?

கழிக்க வழி இல்லாமல் இல்லை. முன்பு படகில் போய் கயிற்றில் குண்டு கட்டி இறக்கி ஆழம் பார்த்தார்கள். இன்று படகிலிருந்து ஒலி அலையை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து அடித்தரையை வரைகிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு நீர்மட்டத்துக்கும் பரப்பு எவ்வளவு என்று பார்த்தும் கொள்ளளவைக் கணக்கிடுகிறார்கள். ஆனாலும் செய்திகளில் 1934இல் திறந்த மேட்டூருக்கு இன்றும் அதே 120 அடி, அதே 93.47 டிஎம்சிதான்.

இதே நோய் நம் மொட்டை மாடியிலும் உண்டு. கோவையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் தொட்டிக்குள் தொங்கும் சென்சார் கம்பியில் உப்பு படியும். படிந்த உப்பு மின்சாரத்தை மறித்தால், தொட்டி நிரம்பி வழிந்தாலும் கருவி "காலி" என்று நினைத்து மோட்டாரை ஓட விடும். பொள்ளாச்சிப் பக்கம் ஷூட்டிங்குக்கு வரும் கேரவன் மாதிரி வண்டிகளின் கழிவுநீர்த் தொட்டியில் இதற்கு நேர்மாறாக நடக்கும். சுவரில் ஒட்டிய ஈர அழுக்கு வழியாக மின்சாரம் பாய்ந்து, காலித் தொட்டியை "முக்கால்" என்று காட்டும். இரண்டிலும் கருவி ரிப்பேர் இல்லை. தன்மேல் படிந்ததைத்தான் அது அளந்து சொல்கிறது.

சிறுவாணியில் சேறு இல்லாமலேயே எண் மாறும். 1973 ஒப்பந்தப்படி கோவைக்கு ஆண்டுக்கு 1.3 டிஎம்சி. அணையின் முழு மட்டம் 49.5 அடி. அணை இருப்பது கேரளத்தில். பாதுகாப்பைக் காரணம் காட்டி அவர்கள் 45 அடிக்குள்ளேயே நிறுத்துகிறார்கள். 'நிரம்பியது' என்ற சொல்லுக்கு வாளையாறுக்கு அந்தப் பக்கம் ஓர் அர்த்தம், இந்தப் பக்கம் ஓர் அர்த்தம். போன அந்த நாலரை அடி, மேல்பக்கத்து அகலமான அடி என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

நொய்யல் குளங்களைக் கட்டியாண்டவர்களுக்கும் வண்டல் தெரியும். கோடையில் குளம் வற்றினால் வண்டி கட்டிப் போய் வண்டலை அள்ளிக் காட்டுக்கு அடிப்பார்கள். காட்டுக்கு எரு, குளத்துக்கு ஆழம். தனியாக அளவெடுக்கத் தேவையில்லை. எத்தனை வண்டி ஏறியது என்பதே கணக்கு. அந்தப் பழக்கம் விட்டுப்போனதால்தான் 2013இல் உக்கடம் பெரியகுளத்தைத் தூர்வார ஊர்மக்களே மண்வெட்டியோடு இறங்க வேண்டியிருந்தது. 2017இல் குளம், ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதித்தது. ஆனால் 32 டிஎம்சி அணையை மாட்டுவண்டி வைத்துத் தூர்வார முடியாது. அங்கே நம்மால் ஆவது, கணக்கையாவது நேராக வைத்துக்கொள்வது.

கணக்கு கோணலானால் அடி வாங்குவது எல்லோரும் இல்லை. அணையில் காகிதத்தில் மட்டும் இருக்கும் தண்ணீரை நம்பி வாய்க்கால் திறந்தால், தலைமடைக்காரர் வயலில் எப்படியும் பாய்ந்துவிடும். குறைவது கடைசி நனைப்பு, அதுவும் கடைமடைக்காரருக்கு. கதிர் பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் வற்றினால் மழை பொய்த்தது என்றோ மேலே திருடிவிட்டார்கள் என்றோ பேச்சு எழும். எண்ணை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அதனால் பேப்பரில் அடியைப் பார்க்கும்போது கூடவே இரண்டு கேள்வி கேட்கலாம்: அது எத்தனை டிஎம்சி? அந்த டிஎம்சியைக் கடைசியாக அளந்தது எந்த வருஷம்? இரண்டாவது கேள்விக்கான பதிலையும் நீர்மட்டத்தோடு சேர்த்துத் தினமும் அச்சடித்தால், ஆடி மாதம் விதைநெல்லைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் கடைமடைக்காரருக்கு அது உதவும்.