மிஃப்லின் விஸ்டர் கிப்ஸ்

மிஃப்லின் விஸ்டர் கிப்ஸ் (1823–1915) அமெரிக்க வழக்கறிஞர், நீதிபதி, தூதரக அதிகாரி. 1873இல் ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரின் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்காவில் மக்களின் வாக்கைப் பெற்று நகர நீதிபதியான முதல் கறுப்பினத்தவர் இவர். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், கலிபோர்னியாவில் தம் கண் முன்னே வெள்ளையர் நடத்திய அடிதடிக்குக்கூட அவரால் சாட்சி சொல்ல முடியவில்லை. சட்டம் அப்படி இருந்தது. அவர் வாழ்க்கையைப் படிப்பவர் இந்த இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிலடெல்பியாவில் 1823 ஏப்ரல் 17 அன்று பிறந்தார். தந்தை மெதடிஸ்ட் சபைப் போதகர். மகனுக்கு எட்டு வயதாகும்போது அவர் இறந்துவிட, பள்ளிப் படிப்பு நின்றது. கிப்ஸ் தச்சு வேலை பழகினார். தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமைகளை வடக்கே அனுப்பிவைத்த இரகசிய வலைப்பின்னலில் இளம் வயதிலேயே பங்கெடுத்தார். 1849இல் கறுப்பினத் தலைவர் பிரெடரிக் டக்ளஸுடன் நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஊர் ஊராகச் சென்று அடிமை முறைக்கு எதிராகப் பேசினார்.

மறு ஆண்டு, தங்க வேட்டைக் காலத்தில், கப்பலின் கீழ்த்தட்டுப் பயணியாக சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தார். கட்டட வேலை கிடைத்தது. கறுப்பர் இருக்கும் இடத்தில் உளி பிடிக்க மாட்டோம் என்று வெள்ளைத் தொழிலாளர்கள் சொல்லிவிட்டார்கள்; ஒப்பந்தக்காரர் வேறு வழியின்றி அவரை அனுப்பிவிட்டார். கைத்தொழில் தெரிந்த அந்த மனிதர் ஓட்டல் வாசலில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டார். சேர்த்த காசைக் கொண்டு, பீட்டர் லெஸ்டர் என்பவருடன் கூட்டாகக் காலணிக் கடை தொடங்கினார். பிலடெல்பியா, லண்டன், பாரிஸ் சரக்கு விற்ற பெரிய கடை அது.

அந்தக் கடைக்குள் ஒரு நாள் நுழைந்த இரு வெள்ளையர்களில் ஒருவர், ஒரு ஜோடி பூட்ஸ் பற்றிச் சண்டையைக் கிளப்பி லெஸ்டரைக் கைத்தடியால் அடித்தார். கிப்ஸ் பக்கத்திலேயே நின்றிருந்தார். திருப்பி அடித்தால் உயிருக்கு ஆபத்து. நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றால், வெள்ளையர் சம்பந்தப்பட்ட வழக்கில் கறுப்பர் சாட்சி சொல்லக் கூடாது என்று 1850ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. வந்த இருவரும் நடந்தே வெளியேறினார்கள். கிப்ஸின் பிற்கால முயற்சிகள் பலவற்றுக்கும் விதை இந்தச் சில நிமிடங்களில் இருப்பதாகவே தோன்றுகிறது. சாட்சிச் சட்டத்தை எதிர்த்துப் பத்திரிகையில் கண்டன அறிக்கை, மாநில அளவிலான கறுப்பர் மாநாடுகள், ‘மிரர் ஆஃப் த டைம்ஸ்’ என்ற வார இதழ் என்று அந்தப் பத்தாண்டில் அவர் கைவைத்த பொதுக் காரியங்கள் பல. வாக்குரிமை இல்லாதவரிடம் தலைவரி கேட்டபோது கிப்ஸும் லெஸ்டரும் கட்ட மறுத்தார்கள். கடைச் சரக்கை அள்ளிச் சென்று ஏலத்தில் வைத்தது அரசு. ஒருவரும் ஏலம் கேட்கவில்லை. கூட்டத்தில் ஒரு நண்பர், இது யாருடைய சரக்கு, ஏன் இங்கே வந்தது என்று காதோடு காதாகச் சொல்லி வந்திருந்தார். சரக்கு கடைக்கே திரும்பியது.

1858இல் பிரேசர் ஆற்றங்கரையில் தங்கம் கிடைத்த செய்தி வந்தது. கலிபோர்னியாவில் மனம் வெறுத்த நூற்றுக்கணக்கான கறுப்பர்கள், பிரிட்டிஷ் ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸின் வரவேற்பை நம்பி வான்கூவர் தீவின் விக்டோரியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். கிப்ஸ் போனபோது கூடவே மாவு, உப்பிட்ட பன்றியிறைச்சி, போர்வை, மண்வெட்டி எல்லாம் கப்பலில் போயின. தங்கம் தோண்டுபவர்களுக்கு என்ன தேவைப்படும் என்பது கலிபோர்னியாவில் படித்த பாடம். 1866இல் அங்கே நகர மன்ற உறுப்பினரானார். பிரிட்டிஷ் கொலம்பியா கனடாவோடு சேர வேண்டும் என்று கோரிய 1868ஆம் ஆண்டு யேல் மாநாட்டில் சால்ட் ஸ்பிரிங் தீவின் பிரதிநிதியாக அமர்ந்தார். குயீன் சார்லட் தீவுகளில் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து கடற்கரை வரை இருப்புப்பாதை போட்டதும் இந்தக் காலத்தில்தான்.

விக்டோரியாவிலேயே ஓர் ஆங்கில வழக்கறிஞரிடம் சட்டம் படிக்கத் தொடங்கியிருந்தார். உள்நாட்டுப் போர் முடிந்து, கறுப்பருக்கு வாக்குரிமை வந்துகொண்டிருந்த அமெரிக்காவுக்குத் திரும்பி, ஒஹையோவின் ஓபர்லினில் அந்தப் படிப்பை முடித்தார். அப்போது வயது 47. 1871இல் லிட்டில் ராக்கில் குடியேறி வழக்கறிஞர் தொழில் தொடங்கினார். 1873இல் மாவட்ட அரசு வழக்கறிஞர் பதவி, அதே ஆண்டில் நகர நீதிபதி பதவி. சில்லறைத் திருட்டும் தெருச் சண்டையும் வருகிற கீழ் நீதிமன்றம்தான். ஆனால் ஏழை ஜனம் சட்டத்தின் முகத்தை நேரில் பார்ப்பது அங்கேதான். வெள்ளையரும் கறுப்பரும் அவர் முன் நின்று சாட்சி சொன்னார்கள். யார் சொன்னது உண்மை என்று முடிவு செய்யும் இடத்தில் அவர் இருந்தார்.

நீதிபதி நாற்காலி நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1874இல் ஆர்கன்சாவில் ஜனநாயகக் கட்சி ஆட்சியைப் பிடித்ததும், உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பருக்கு உரிமைகள் தந்த மறுசீரமைப்புக் காலம் அங்கே முடிவுக்கு வந்தது. கிப்ஸ் குடியரசுக் கட்சியின் பெரும் தலைவர்களில் ஒருவராகவே தொடர்ந்தார். 1877இல் அதிபர் ஹேய்ஸ் அவரை லிட்டில் ராக் நில அலுவலகப் பதிவாளராக நியமித்தார்.

1897இல் அதிபர் மக்கின்லி, மடகாஸ்கர் தீவின் கிழக்குக் கரையிலுள்ள டமடாவ் துறைமுகத்துக்கு (இன்றைய டோமாசினா) அமெரிக்கத் தூதரக அதிகாரியாக அவரை அனுப்பினார். வயது 74. எளிதான இடமில்லை. பிரான்ஸ் அதற்கு முந்தைய ஆண்டுதான் தீவைத் தன்னுடன் இணைத்திருந்தது. மூன்றாம் ரனவலோனா அரசி நாடுகடத்தப்பட்டிருந்தார். அங்கே அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த ஜான் வாலர் என்ற கறுப்பர், பதவி விட்ட பின் மலகாசி அரசிடம் நிலம் பெற்றதையொட்டி பிரெஞ்சு இராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றுச் சிறை சென்றவர். அந்தத் துறைமுகத்தில் கிப்ஸ் 1901 வரை பணியாற்றிவிட்டு, பதவி விலகி ஊர் திரும்பினார். அடுத்து அங்கே பொறுப்பேற்ற வில்லியம் ஹென்றி ஹன்ட், பின்னாளில் கிப்ஸின் மகள் ஐடாவை மணந்தார். இன்னொரு மகள் ஹாரியட் வாஷிங்டனில் கறுப்பின மாணவர்களுக்காக இசைப் பள்ளி நிறுவியவர்.

1902இல் ‘ஷேடோ அண்ட் லைட்’ என்ற தன்வரலாறு வெளிவந்தது. முன்னுரை எழுதியவர் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன். இந்தக் கட்டுரையில் சொன்ன காலணிக் கடைச் சம்பவமும் ஏலமும் அந்த நூல் வழியாகவே நமக்குக் கிடைத்திருக்கின்றன. மறு ஆண்டு அவர் தலைமையில் லிட்டில் ராக்கில் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கியது. 1908இல் அது மூடப்பட்டது. வழக்கும் கடன் தீர்ப்பும் அவரது முதுமையைக் கசப்பாக்கின. 1915 ஜூலை 11 அன்று, 92ஆம் வயதில், லிட்டில் ராக்கில் இறந்தார்.