தெமாசெக்கின் அழிவும் மீட்பும்: ஐரோப்பியருக்கு முந்திய சிங்கப்பூர்

1511 ஆகஸ்டில் அல்புகெர்க்கே தலைமையிலான போர்த்துக்கீசியப் படை மலாக்காவைக் கைப்பற்றியது. பத்தாண்டுகள் கழித்து, 1521 ஆகஸ்டில், மெக்சிகோவில் அஸ்தெக்குகளின் தலைநகரான தெனோச்தித்லான் கோர்த்தேஸ் தலைமையிலான ஸ்பானியரிடம் வீழ்ந்தது. கடலுக்கு அப்பாலுள்ள நிலங்களைப் போர்த்துக்கல், ஸ்பெயின் ஆகிய இவ்விரு அரசுகளும் 1494ஆம் ஆண்டின் தோர்தெசில்லாஸ் உடன்படிக்கையால் தமக்குள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. அவ்வகையில் இவ்விரண்டு வீழ்ச்சிகளும் ஒரே வரலாற்றின் இரு முனைகள். ஆயினும் தெனோச்தித்லான் வீழ்ந்த நகரம் என்று உலகறிய, மலாக்காவுக்கு முன்பே சிங்கப்பூர்த் தீவில் செழித்திருந்த தெமாசெக் நகரமோ, இருந்ததா என்றே ஐயுறப்படும் நிலைக்குத் தள்ளப்பட்டது.

சீன வணிகர் வாங் தாயுவான் 1349 அளவில் எழுதிய நூல் இந்நகரைப் பற்றிய நம்பகமான பழைய சான்றாகும். தீவின் நீரிணையோரத்தில் லொங்யாமென் என்னும் குடியிருப்பும், குன்றையொட்டிப் பான்சு என்னும் குடியிருப்பும் இருந்தன என்றும், சயாமியர் எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களில் வந்து ஒரு மாதம் முற்றுகையிட்டும் நகரைப் பிடிக்க இயலவில்லை என்றும் அவர் குறிப்பிடுகிறார். முற்றுகையைத் தாங்கிய ஊருக்கு அரணும் ஆட்சியும் இருந்திருக்க வேண்டும் என்பது வெளிப்படை. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் பலெம்பாங்கிலிருந்து வந்த பரமேஸ்வரன் உள்ளூர்த் தலைவனைக் கொன்று சில காலம் இங்கு ஆண்டபின், துரத்தப்பட்டு மலாக்காவை நிறுவினான் என்பது போர்த்துக்கீசியப் பதிவு. அதன்பின் சிங்கப்பூர் மலாக்காவுக்கும் பின்னர் ஜொகூருக்கும் அடங்கிய சிறு துறைமுகமாகச் சுருங்கியது. ஆற்றுமுகத்தில் எஞ்சியிருந்த வணிகக் குடியிருப்பும் 1613இல் எரிக்கப்பட்டது.

மலாய் அரச மரபை விவரிக்கும் ‘செஜாரா மெலாயு’ என்னும் நூலில் தமிழருக்குத் தொடர்புடைய செய்திகள் பல உள்ளன. ராஜா சூலான் என்னும் இந்திய மன்னன் சீனத்தை வெல்லப் புறப்பட்டுத் தெமாசெக் வரை வந்து திரும்புகிறான்; சிங்கபுரத்தை நிறுவிய சாங் நீல உத்தாமா அவன் வழிவந்தவனாகக் காட்டப்படுகிறான். சூலான் என்ற பெயரில் சோழரின் நினைவைக் காண்போர், 1025இல் முதலாம் இராசேந்திரன் ஸ்ரீவிஜயத்தின் மீதும் கடாரத்தின் மீதும் நடத்திய படையெடுப்பைச் சுட்டுகின்றனர். சிங்கபுரத்தின் வீரன் பாடாங் கலிங்க நாட்டு மல்லனை வென்று, பெரும்பாறை ஒன்றைத் தூக்கி ஆற்றுமுகத்தில் எறிந்த கதையும் இந்நூலில்தான் வருகிறது. இவற்றை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. எனினும் வங்கக் கடலின் இரு கரைகளும் ஒன்றையொன்று அறிந்திருந்தன என்பதற்கு இவை சான்றாகும்.

அந்த ஆற்றுமுகத்தில், 1819இல் பிரிட்டிஷார் குடியேற்றம் அமைக்கக் காடு திருத்தியபோது, ஏறத்தாழ பத்தடி உயரமும் பத்தடி அகலமும் கொண்ட மணற்பாறை ஒன்று வெளிப்பட்டது. அதன்மீது சுமார் ஐம்பது வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. 1822இல் தீவைக் கண்ட பிரிட்டிஷ் அதிகாரி ஜான் கிராஃபர்ட், கடற்கரையிலிருந்து குன்று நோக்கிச் சென்ற மண்மதில், செங்கல் அடித்தளங்கள், பழமரத் தோப்பு, சோங் மரபு மன்னர்களின் நாணயங்கள் ஆகியவற்றைக் குறித்துவைத்தார். பழைய அரசர்களின் ஆவி உறைவதாக அஞ்சி மலாய் மக்கள் ஏறத் தயங்கிய அக்குன்றே இன்றைய ஃபோர்ட் கேனிங். இவ்வளவும் கண்முன் இருந்தும், ஆற்றின் வாயிலை அகலமாக்கவும் கோட்டை கட்டவும் 1843இல் கல்வெட்டுப் பாறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மெக்சிகோவின் மாயர் என்னும் மக்களின் ஏடுகள் 1562இல் மானி என்னும் ஊரில் பாதிரியார் தியெகோ தெ லாந்தாவால் எரிக்கப்பட்டதன் பின்னே சமயப் பகை இருந்தது. இங்கு அத்தகைய பகை ஏதுமில்லை, பொறியாளரின் அவசரம் ஒன்றே போதுமானதாயிற்று. இழப்பு மட்டும் இரண்டிலும் ஒன்றே: ஒரு மக்களின் எழுத்துச் சான்று அழிந்தது. ஜேம்ஸ் லோ என்னும் அதிகாரி காப்பாற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பிய துண்டுகளுள் ஒன்றே பின்னாளில் சிங்கப்பூருக்குத் திரும்பியது.

மெக்சிகோ நகரில் 1978இல் மின்நிறுவனத் தொழிலாளர்கள் மண்ணைத் தோண்டியபோது கொயொல்ஷாவ்கி தெய்வத்தின் பெருஞ்சிற்பம் வெளிப்பட்டு, தெனோச்தித்லானின் பெருங்கோயில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. சிங்கப்பூரில் 1928இலேயே ஃபோர்ட் கேனிங்கில் சாவகக் கலைப்பாணியிலான பொன்னணிகள் தற்செயலாகக் கிடைத்திருந்தன. ஆனால் முறையான அகழாய்வு 1984இல்தான் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் தலைமையில் தொடங்கியது. யுவான் காலச் சீனப் பீங்கான், கண்ணாடி மணிகள், உள்ளூர் மட்பாண்டங்கள் ஆகியவை பதினான்காம் நூற்றாண்டின் அடுக்கில் கிடைத்தமையால், வாங் தாயுவானின் கூற்று மண்ணாலேயே மெய்ப்பிக்கப்பட்டது. பின்னர் எம்பிரஸ் பிளேஸ் போன்ற ஆற்றங்கரை இடங்களிலும் பொருள்கள் பெருமளவில் கிடைத்தன. 1819இல் வெற்றுத் தீவில் வரலாறு தொடங்கியது என்னும் கருத்து இனி நிற்க இயலாதது.

எஞ்சிய கல்வெட்டுத் துண்டு இப்போது சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. அதன் எழுத்து, பல்லவ எழுத்திலிருந்து கிளைத்த காவி வகையைச் சார்ந்தது என்பது பரவலான கருத்து. மொழி இன்னும் உறுதிப்படவில்லை. 2019இல் இயன் சின்கிளேர் என்னும் ஆய்வாளர் அதில் ‘கேசரிவ’ என்ற எழுத்துகளைப் படித்து, சோழர் பட்டப்பெயரான ‘பரகேசரிவர்மன்’ என்பதன் பகுதியாக அது இருக்கலாம் என்றார். இது கருதுகோளே, ஒரு சொல்லின் துணுக்கைக் கொண்டு சோழர் கல்வெட்டு என்று பெருமைகொள்வது ஆய்வுக்கு நன்மை செய்யாது. பல்லவ எழுத்தையும் கிரந்தத்தையும் நன்கறிந்த தமிழகக் கல்வெட்டறிஞர்கள், காவி எழுத்து வல்லுநர்களோடு சேர்ந்து இத்துண்டை ஆராய முன்வர வேண்டும்.