உயர்விலையும் சந்தைப் பங்கும்: பத்தமடைப் பாய்த் தொழிலை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வினா

விலையை ஏற்றிச் சிலருக்கு விற்பதா, இறக்கிப் பலருக்கு விற்பதா? கணினித் தொழில் பல்லாண்டாக மல்லுக்கட்டும் இந்தக் கேள்விக்குத் தாமிரபரணிப் பாசனத்தில் மூத்த சான்று ஒன்று உண்டு. அது சேரன்மகாதேவிக்கு அருகே பத்தமடையில் நெய்யும் கோரைப்பாய்.

2. பாயும் விலையும்

ஆற்றோரக் கோரையை அறுத்து, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, கத்தியால் கீறுகிறார்கள். விலை பெரும்பாலும் இந்தக் கீறலில்தான் இருக்கிறது. கீற்று மெலிய மெலியப் பாவு நெருங்கும். பாவு நூல் எண்ணிக்கை 100, 120 என்று ஏறிய பட்டுப்பாயைத் துணிபோல் மடித்து வைக்கலாம். சாதாரணப் பாய் சில நாளில் தறியை விட்டு இறங்கிவிடும். பட்டுப்பாய்க்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். நெய்பவர்களில் பெரும்பாலோர் லெப்பை முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். எந்த மதத்துக் கல்யாணமானாலும் பொண்ணு மாப்பிள்ளை பெயரைப் பாயிலேயே நெய்து தருகிறார்கள். அந்தப் பெயருக்காக வாங்குபவர் விலையில் பேரம் பேசுவது குறைவு.

3. கணினிச் சான்று

1984 ஜனவரியில் ஆப்பிள் தன் மெக்கின்டாஷுக்கு 2,495 டாலர் விலை வைத்தது. ஐபிஎம் 1981-இல் கொண்டுவந்த கணினியையோ பலரும் நகலெடுத்து விலையைச் சரித்தார்கள். ஆப்பிள் லாபத்தைக் காத்தது, பங்கை இழந்தது. பங்கு போனால் மென்பொருளும் போகும்; மென்பொருள் எழுதுவோர் வாடிக்கையாளர் கூட்டம் இருக்கும் பக்கம்தான் போவார்கள். 1997-இல் மைக்ரோசாஃப்ட் ஆப்பிளில் 15 கோடி டாலர் முதலிட்டதோடு, ஆஃபீஸ் மென்பொருளை மெக்கின்டாஷுக்கு 5 ஆண்டு தருவதாகவும் ஒப்புக்கொண்டது. பணத்தைவிட இந்த ஒப்புதலே ஆப்பிளுக்குப் பெரிது என்பது என் கணிப்பு.

பாய்க்கு இந்த இக்கட்டு கிடையாது. பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் பாய் விரித்தால் நம் பட்டுப்பாயின் மென்மை குறைந்துவிடாது. பங்கு போனால் போகட்டும், விலை நின்றால் போதும் என்று முடிவுகட்டத் தோன்றும். நான் அதை ஏற்கவில்லை.

4. பங்கு தேவைப்படும் இடம்

மெல்லிய கீற்று யாருக்கும் முதல்நாளே வராது. தடித்த கோரையில்தான் கை பழக வேண்டும். தடித்த பாய் விலைபோன காலத்தில் பழகுகிறவளுக்கும் கூலி கிடைத்தது. பிளாஸ்டிக் பாயும், கரூர்ப் பக்கத்து விசைத்தறிக் கோரைப்பாயும் பிடித்துக்கொண்டது அந்த இடத்தைத்தான். கோரை அறுப்பவர், சாயம் காய்ச்சுபவர் பிழைப்பும் எண்ணிக்கையை நம்பியதே. வருஷத்துக்கு நாலு பட்டுப்பாயை வைத்து அவர்கள் அடுப்பு எரியாது.

2012-13-இல் கிடைத்த புவிசார் குறியீடு பத்தமடை என்னும் பெயரைக் காக்கும். அடுத்த நெசவாளியை உண்டாக்காது. 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனதை ஊரார் இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பெருமையால் விலை ஏறலாம். ஏறிய விலையில் எத்தனை பங்கு தறிக்கு வந்து சேர்கிறது என்பது தனிக் கணக்கு.

5. இடைவழி

கைப்பை, மேசை விரிப்பு போன்றவற்றையும் இன்று கோரையில் செய்கிறார்கள். பாய்ப் பிரியர்கள் இவற்றை மட்டமாகப் பார்ப்பதுண்டு. ஆனால் இவற்றுக்குக் கீற்று அவ்வளவு மெலிய வேண்டியதில்லை. பழகும் கைக்கும் வாரக் கடைசியில் கூலி உண்டு.